மன்னாரில் ஒரு வாயு வாத்தியார்

என் தொழிலைச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். அடிபட்டு வருகிறவர்களுக்கு, மூச்சோடு இழுத்தால் வலி குறைகிற வாயு ஒன்று இருக்கிறது. பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி ஆக்சிஜன். அதைக் கொடுப்பது எப்படி என்று ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் செவிலியர்களுக்கும் சொல்லித் தருவது என் வேலை. இவ்வளவையும் விளக்கி முடிப்பதற்குள் கோவையில் என் மனைவியின் சொந்தக்காரர்கள் 'வாயு' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார்கள். கல்யாணப் பந்திகளில் எனக்கு உருளைக்கிழங்கு வைக்கும்போது ஒரு முறை யோசித்துத்தான் வைக்கிறார்கள்.

இலங்கையின் மன்னார் தீவில் கன்னியர் மடம் ஒன்று நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரிக்கு, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து இந்த வாயு உருளைகளை வாங்கி அனுப்பியிருந்தார்கள். சொல்லிக்கொடுக்கத் தமிழ் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. எனக்குத் தமிழ் தெரியும் என்று நானும் நம்பிக்கொண்டுதான் போனேன்.

முதல் நாள் காலை என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக விடுதிக்கு வந்தவர் பெனடிக்ட். ஆஸ்பத்திரி வேனின் ஓட்டுநர். பின் இருக்கைகளைக் கழற்றி ஸ்ட்ரெச்சர் வைத்துவிட்டால் அந்த வேனே ஆம்புலன்ஸ்.

"வாங்கோ சேர். நல்லாக் களைச்சுப் போனியளோ?"

"இல்லீங்க, நல்லாத் தூங்கிட்டேனுங்க."

என் 'ங்க'க்களை அவர் கொஞ்ச நேரம் மனதுக்குள் எண்ணிப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு கேட்டார்: "சிலிண்டர் எல்லாம் வந்திட்டுது. சமையலுக்குப் பாவிக்கிற காஸ்தானோ?"

"அது வேறங்க. இது தானா எரியாது. ஆனா பக்கத்துல எரியறதை இன்னும் நல்லா எரிய விடும். அதனால கிட்ட நின்னு பீடி கீடி பத்த வைக்காதீங்க."

"நான் பீடி குடிக்கிறேல்ல சேர்," என்றார் அவர், மனம் நொந்தவராக. "சுருட்டுத்தான்."

வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தினார். கண்ணாடிப் பெட்டிக்குள் முக்கோண வடிவில் பளபளவென்று பன்கள் இருந்தன. எங்கள் ஊரில் பன்னைக் கடித்தால் உள்ளே தேங்காய்ப் பூவும் சிவப்பு பச்சையில் இனிப்புத் துண்டுகளும் இருக்கும். அதை எதிர்பார்த்துப் பெரிதாக ஒரு வாய் கடித்தேன். உள்ளே மீனும் மிளகும் பச்சை மிளகாயும். நல்ல ருசிதான். ஆனால் இனிப்புக்குத் தயாராக இருந்த நாக்கு அதை ஒரு துரோகமாகவே எடுத்துக்கொண்டது. பால் இல்லாத தேநீரைக் குடித்து இருமலை அடக்கினேன்.

மன்னாரில் காற்று ஓய்வதில்லை. கடற்கரையோரம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தால், தீவையே அப்படியே தூக்கிக்கொண்டு போகப் போகின்றன என்று தோன்றும். அந்தக் காற்று கொண்டுவந்து போட்ட மணல் தார் ரோட்டில் மெல்லிய பாய் போல விரிந்து கிடந்தது. அந்தப் பாயின் நடுவில் ஒரு கழுதை நின்றது.

பெனடிக்ட் ஹாரன் அடித்தார். கழுதை காதை மட்டும் திருப்பியது. "கொஞ்சம் பொறுத்தால் தானாப் போகும் சேர்," என்று சொல்லிவிட்டு அவர் என்ஜினை நிறுத்தினார். மன்னாரில் பிறந்தவர் அவர், பொறுக்கத் தெரிந்தவர். நான் அவசர சிகிச்சைத் துறைக்காரன். இறங்கி, கையை வீசி, "ஹேய், ஹேய்" என்று அதட்டிக்கொண்டு முன்னால் போனேன்.

கழுதை என்னைத் தொடவில்லை. உதைக்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு ஊரில் வேறு மாதிரி கதை உலவியது. மணலில் என் செருப்பு வழுக்கியது. விழும்போது வலது கையை ஊன்றினேன். தோளுக்குள் 'களுக்' என்று ஏதோ இடம் மாறியது. கழுதை குனிந்து என்னைப் பார்த்துவிட்டு, வழிவிட்டு நடந்து போனது.

ஆக, பயிற்சி கொடுக்க வந்தவன் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது ஸ்ட்ரெச்சரில். வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. அதை வெட்டுவதற்காக நகரத்திலிருந்து ஒரு பெண் டாக்டரை வரவழைத்திருந்தார்கள். வரவேற்கப் பூமாலையோடு நின்றவர்களிடம் நான் வலியில், "சிஸ்டர், சிஸ்டர்" என்று நர்ஸைக் கூப்பிட்டேன். மூன்று கன்னியாஸ்திரிகள் ஓடி வந்தார்கள். இந்த ஊரில் சிஸ்டர் என்றால் அவர்கள்தான்; நர்ஸை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். நான் கூப்பிட்ட வேகத்தில் அதில் ஒருவர் கடைசி ஜெபம் சொல்லவே தயாராகிவிட்டார்.

மிஸ்ஸின் பெயர் ஜசிந்தா. நாற்பத்தைந்து வயதிருக்கும், அவசரப்படாத முகம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு உடையவில்லை, தோள் மூட்டு கழன்றிருக்கிறது. திரும்ப உள்ளே தள்ள வேண்டும்.

"சேர், உங்கட வாயுவைத்தான் இப்ப குடுக்கலாமே?" என்றார் ஜசிந்தா. கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

இருபது வருடமாக இந்த வாயுவைப் பற்றிப் பேசுகிறேன். ஒருநாள் கூட நான் இழுத்ததில்லை. ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தான். படுத்த நிலையிலேயே வகுப்பைத் தொடங்கினேன். "முதல்ல கேள்வி கேட்கணுங்க. தலையில அடிபட்டுதா, நெஞ்சுல அடிபட்டுதான்னு." ஜசிந்தா கேட்டார். இல்லை என்றேன். "இந்த வாய்க்குழாயை நோயாளிதான் பிடிச்சுக்கணும். நாம பிடிக்கவே கூடாது. மயக்கம் அதிகமானா கை தானா நழுவிரும், வாயு தானா நின்னுரும். அதுதான் இதோட பாதுகாப்பே." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் இடது கையால் குழாயைப் பிடித்து வாயில் வைத்து இழுத்தேன்.

வலி போகவில்லை. பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. அங்கே யாருக்கோ தோள் வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது, அவர்மேல் கொஞ்சம் அனுதாபம்கூட இருந்தது. உதடு மரத்தது. டாக்டரின் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. நான் மிகத் தெளிவாக இருப்பதாக உணர்ந்தேன். அந்தத் தெளிவோடு பாடத்தைத் தொடர்ந்து நடத்தியதாகத்தான் இன்றும் எனக்கு ஞாபகம்.

நடந்தது வேறு. பெனடிக்ட் தன் போனில் பிடித்து வைத்திருந்தார். அதில் நான் கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருக்கிறேன்: "முதல்ல அந்தக் கழுதைக்குக் குடுங்க. அது ரொம்ப நேரமா ரோட்டுல நிக்குது." டாக்டர் கையை மெதுவாகச் சுழற்றுகிறார். நான் ஜசிந்தா பக்கம் திரும்பி, "உங்க சொதியில புளி இல்லீங்க. ஏன் யாரும் இதைப் பத்திப் பேச மாட்டேங்கிறீங்க?" என்று தட்டிக்கேட்கிறேன். அதுவரை நான் சொதி என்கிற அந்தத் தேங்காய்ப்பால் குழம்பைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. தோள் உள்ளே போகிற சத்தம் கேட்கிறது. குழாய் என் கையிலிருந்து நழுவி விழுகிறது.

"விழுந்திட்டுது, விழுந்திட்டுது! சேர் சொன்ன மாதிரியே!" என்று பெனடிக்டின் குரல்.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் புத்தி திரும்பிவிட்டது. இந்த வாயுவின் பெருமையே அதுதான். வந்த வேகத்தில் போய்விடும். ஆனால் அன்று அது இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். கண்ணைத் திறந்தபோது மூன்று கன்னியாஸ்திரிகளும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ரிப்பனை வெட்டப் போனார்.

மறுநாள் வலது கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு முறையாக வகுப்பு எடுத்தேன். காலையில் வெளிநோயாளிகள் பகுதியில் வயதான ஒரு அம்மாவிடம் செய்முறை விளக்கம். முழங்கால் வீங்கியிருந்தது. "எங்கம்மா வலிக்குது?" என்றேன்.

"நோ," என்றார் அந்த அம்மா.

"வலி இல்லீங்களா?"

"நோ, சரியான நோ."

நான் வகுப்பின் பக்கம் திரும்பினேன். "பார்த்தீங்களா, வீக்கம் இருந்தாலும் வலி இல்லாம இருக்கலாம். அதனாலதான் கேட்டுப் பார்க்கணும்னு சொல்றது."

யாரும் எழுதிக்கொள்ளவில்லை. ஜசிந்தா மெதுவாகச் சொன்னார்: "சேர், இஞ்ச நோ எண்டாத்தான் வலி. அவ சரியா நோகுதெண்டு சொல்லுறா." அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தூளியைக் காட்டி, "தம்பிக்குத் தலையிலயும் அடிபட்டதோ?" என்று கேட்டார்.

யார் யாருக்கு இந்த வாயுவைக் கொடுக்கக் கூடாது என்பது மதியத்துக்கு முந்தின பாடம். தலையில் அடிபட்டு நினைவு தடுமாறுகிறவர்களுக்குக் கூடாது. நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தவர்களுக்குக் கூடாது. குடல் அடைத்து வயிறு உப்பியவர்களுக்குக் கூடாது. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதற்குள் கன்னியர் மடத்துச் சமையலறையிலிருந்து நண்டுக் குழம்பின் வாசம் காற்றோடு வந்துவிட்டது. நான் கடல் இல்லாத ஊர்க்காரன். எங்களுக்கு நண்டு என்றால் பெட்டியில் பனிக்கட்டிக்குள் வந்து சேர்கிற ஒரு பொருள். "மிச்சத்தைச் சாப்பிட்டு வந்து பார்ப்போமுங்க," என்றேன்.

முருங்கை இலை போட்ட குழம்பு. ஒற்றைக் கையால், அதுவும் இடது கையால், நண்டு தின்ன முயன்றதை நான் விவரிக்கப் போவதில்லை. சுவரில் தெறித்தது என்பது மட்டும் உண்மை. சாப்பிட்டு முடித்தபோது மின்சாரம் போயிருந்தது. மின்விசிறி இல்லாத அறையில் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி கண் சொக்கியது. வாத்தியாருக்கும்தான். மிச்சம் மிச்சமாகவே நின்றது.

மூன்றாம் நாள் காலை தலைமன்னார்க் கரையைக் காட்ட பெனடிக்ட் கூட்டிப்போனார். மணலில் நின்றதும் என் போனில் இந்திய சிக்னல் வந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். "எங்க இருக்கீங்க?" என்றாள். "நம்ம நாட்டுக்கு எதிர்ல," என்றேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். என் கை விஷயத்தை நான் அவளிடம் சொல்லவே இல்லை. பெனடிக்டின் வீடியோ எனக்கு முன்னால் கடல் தாண்டியிருந்தது.

திரும்பும் வழியில் ஜசிந்தாவிடமிருந்து அழைப்பு. பேசாலைக்குப் பக்கத்தில் கரையில் விபத்து, ஒருவருக்குக் கால் உடைந்துவிட்டது, நேரே அங்கே வாருங்கள், நான் உருளையோடு ஓட்டோவில் வருகிறேன் என்றார்.

எனக்குள் என்ன ஓடியது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாவம் யாரோ என்று தோன்றுவதற்கு முன்னால், 'நல்லவேளை, முதல் ஆள் கிடைத்துவிட்டார்' என்று தோன்றியது. கழுதையும் சொதியும் மறந்துபோக ஒரு வழி கிடைத்ததே என்று தோன்றியது.

படகைக் கரைக்கு இழுக்கும்போது கயிறு அறுந்து, படகு பின்னால் சரிந்து ஒருவரின் முழங்காலுக்குக் கீழே ஏறியிருந்தது. அமலன் என்று பெயர், முப்பது வயதுக்குள். படகின் நிழலில் படுக்க வைத்திருந்தார்கள். கால் எந்தப் பக்கம் திரும்பக் கூடாதோ அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அவர் கத்திக்கொண்டிருந்தார். சொற்கள் இல்லை, வெறும் கத்தல். காற்று அதைக் கரை முழுவதும் கொண்டுபோனது. தலைமாட்டில் அவர் மனைவி நிர்மலா உட்கார்ந்து அவருடைய முடியைக் கோதிக்கொண்டிருந்தாள்.

ஜசிந்தா கேள்விகளைக் கேட்டார். தலையில் அடியில்லை. நெஞ்சில் அடியில்லை. வயிறு சரி. எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான் மணலில் மண்டியிட்டு, சுற்றி நின்ற கூட்டத்துக்கும் கேட்கிற குரலில், "தம்பி, இதை நீங்களே பிடிச்சு நல்லா இழுங்க. கொஞ்ச நேரத்துல வலி குறைஞ்சிரும்," என்று வாய்க்குழாயை நீட்டினேன். அவர் வாயைத் திறந்துவிட்டார். கையும் பாதி வழி வந்துவிட்டது.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் தொடங்கி, கன்னம் வழியாக, மூக்குக்குக் கீழே வரை ஒரு வட்டக் கோடு. ரப்பர் அழுத்திச் சதை பள்ளமான தடம்.

"தம்பி, இன்னிக்குத் தண்ணிக்குள்ள முங்கினீங்களா?"

"ஓம்... விடிய... அட்டைக்கு..."

கடலட்டை பொறுக்கப் போனவர். "சிலிண்டர் கட்டிக்கிட்டா? எவ்வளவு ஆழம்?"

"சிலிண்டர்தான்... பத்துப் பாகம்... கூடவும் இருக்கும்... தாங்கோ ஐயா, தாங்கோ..."

பத்துப் பாகம் என்றால் அறுபது அடி. நான் குழாயைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் கை வெறும் காற்றைப் பிடித்தது. வாய் இன்னும் திறந்தே இருந்தது.

"என்ன சேர்?" என்றார் ஜசிந்தா.

"குடுக்கக் கூடாதுங்க. ஆழத்துல முங்கி வந்தவங்களுக்குக் கூடாது."

"நேற்று நீங்கள் இதைச் சொல்லேல்லையே."

"சொல்லலீங்க."

"ஏன் சேர்?"

"நண்டு வந்துருச்சுங்க."

இந்தப் பதிலை நான் சொன்னேன் என்பதை இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் அதுதான் உண்மை. ஜசிந்தா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு உருளையை மூடிவிட்டு, கையில் இருந்த சாதாரண வலி ஊசியைப் போட்டார். உடைந்த எலும்புக்கு அது போதாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இன்னும் பலமான மருந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான். காலைப் பலகை வைத்துக் கட்டினோம். கட்டும்போது அமலன் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற ஆண்கள் இரண்டு பேர் திரும்பி நின்றுகொண்டார்கள்.

வேனில் அவருக்கு ஆக்சிஜன் முகமூடி வைத்தோம். நிர்மலாவுக்கு முகம் மலர்ந்தது. "இப்ப குடுக்கிறியள்தானே?"

"இது வெறும் ஆக்சிஜனுங்கம்மா. வலிக்கு ஒண்ணும் செய்யாது."

"அப்ப மற்றதைக் குடுங்கோவன். அந்தா இருக்குது!" உருளை அவள் காலடியிலேயே கிடந்தது. "அதுக்குள்ள மருந்து இருக்கெல்லே? கண்ணுக்கு முன்னால வைச்சுக்கொண்டு என்ன செய்யிறியள்?"

விளக்கியாக வேண்டும் என்று தோன்றியது. வாத்தியார் புத்தி. "ஆழத்துல இருந்து வந்தா ரத்தத்துல சின்னச் சின்னக் குமிழிங்க இருக்கலாம்மா. சோடா பாட்டிலைத் திறந்தா வருமே, அது மாதிரி. இந்த வாயு அந்தக் குமிழிக்குள்ள புகுந்து அதைப் பெருசாக்கிரும். அது மூளைக்கோ முதுகுத்தண்டுக்கோ போயிருச்சுன்னா..."

"மனுசன் கிடந்து கத்துறார், நீங்கள் சோடாக் கதை சொல்லுறியள்!" என்று வெடித்தாள் அவள். "உங்களுக்கு நெஞ்சுக்குள்ள என்ன இருக்கு? உங்கட தோளுக்கு மட்டும் அந்த வாயுவை இழுத்தியளாம், ஊரெல்லாம் பார்த்ததுதானே! என்ர மனுசன் எண்டால் ஏலாதோ?"

அவள் சொன்னதில் தவறான சொல் ஒன்றுகூட இல்லை.

அமலனின் கை எதையோ தேடியது. என் இடது கை அகப்பட்டது; பிடித்துக்கொண்டார். கடலுக்குள் முங்குகிற சுழியோடியின் பிடி. வேன் குலுங்கும்போதெல்லாம் என் விரல் எலும்புகள் ஒன்றோடொன்று உரசின. வலது கை தூளியில், இடது கை அவரிடம். அந்த நேரம் பார்த்து மூக்கு அரித்தது. வேறு எப்போதாவது என்றால் சிரித்திருப்பேன்.

நிர்மலா ஜெபமாலை சொல்லத் தொடங்கினாள். "அருள் நிறைந்த மரியாயே..." பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்து, "நெஞ்சில ஈரம் இல்லாத மனுசர்," என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிசகாமல் தொடர்ந்தாள். ஜசிந்தா மறுபாதியைச் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் என் வாயும் அந்த மறுபாதியை முணுமுணுக்கத் தொடங்கியது. பக்தி என்று சொல்ல மாட்டேன். செய்வதற்கு அதைவிட வேறொன்றும் என்னிடம் இல்லை.

ரயில் கடவைக்கு வந்தோம். எப்போதாவது ஒரு ரயில் போகிற பாதை அது. தடை இறங்கிக்கொண்டிருந்தது. பெனடிக்ட் பிரேக் போட்ட வேகத்தில் ஸ்ட்ரெச்சர் முன்னால் போனது. அமலன் முகமூடிக்குள் அலறினார். கழுதைக்காக என்ஜினை நிறுத்திப் பொறுத்த அதே பெனடிக்ட் இறங்கி, வராத ரயிலைப் பார்த்துக் கெட்ட வார்த்தைகளில் திட்டினார். ரயில் ஆடி அசைந்து வந்தது. சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை எங்களைப் பார்த்துக் கை காட்டியது. கடைசிப் பெட்டி கடந்து தடை உயரும்வரை அமலன் கத்தியதை நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். உருளை என் பாதத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு இழுப்பு, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். உருளையைக் காலால் இருக்கைக்கு அடியில் தள்ளினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பலமான ஊசி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தல் முனகலானது, முனகல் மூச்சானது. பிடி தளர்ந்தது. என் கையைத் திரும்ப எனக்குக் கொடுத்தபோது அது என்னுடையது போலவே இல்லை.

அங்கிருந்த டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். "குடுக்காமல் விட்டது சரி," என்றார்.

"குமிழி இருந்துச்சுங்களா?"

"அது தெரியாது. இப்ப அறிகுறி ஒண்டும் இல்லை. இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்."

எனக்கு அது போதவில்லை. பின்னேரம் மறுபடி வார்டுக்குப் போய், அமலனிடம் மூட்டு நோகிறதா, கை விறைக்கிறதா, தோல் அரிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவர் இல்லை என்று தலையாட்டினார். ஒவ்வொரு 'இல்லை'க்கும் எனக்குள் ஒரு சின்ன ஏமாற்றம். ஒரு குமிழி, ஒரே ஒரு சின்னக் குமிழி அகப்பட்டால் போதும், நான் செய்தது சரி என்று எல்லோருக்கும் காட்டிவிடலாம். உடைந்த காலோடு படுத்திருக்கிற மனிதருக்கு இன்னொரு வியாதியும் இருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டு நிற்கிறோம் என்பது உறைத்தபோது, மன்னாரின் ஓயாத காற்றிலும் எனக்கு வியர்த்தது. வேகமாக வெளியே வந்துவிட்டேன்.

நான்காம் நாள் வகுப்பைச் சுழியோடிகளிலிருந்து தொடங்கினேன். சாப்பாட்டு மணி அடித்தும் நிறுத்தவில்லை. சமையலறை சிஸ்டர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். ஜசிந்தா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "நீங்கள் சொல்லுங்கோ சேர்," என்றார். இந்தத் தீவில் யார் எப்போது முழுகப் போகிறார்கள், எந்தக் கரையில் வந்து இறங்குகிறார்கள் என்பதை அவர்கள் சொன்னார்கள். அதை வைத்து என்ன கேட்க வேண்டும் என்பதை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். நான் எடுத்த வகுப்புகளிலேயே கேள்விகள் அதிகமாகவும் நகைச்சுவை குறைவாகவும் இருந்தது அதுதான்.

ஊருக்குக் கிளம்பும் முன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அமலன் தூங்கிக்கொண்டிருந்தார். வார்டுக்கு வெளியே பெஞ்சில் நிர்மலா சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. திட்டு வாங்கத் தயாராகப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எப்படி இருக்காருங்க?"

"நாளைக்கு ஒப்பரேசன். கம்பி வைக்கினமாம்." மடியில் இருந்த பெட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "டொக்டர் எல்லாம் விளங்கப்படுத்தினவர். நீங்கள் செய்தது சரியாம்."

"ஆமாங்க."

"சரியாத்தான் இருக்கும். எண்டாலும் நான் ஏசினதில ஒண்டையும் திருப்பி எடுக்க மாட்டன். அவர் கத்தினது இன்னும் என்ர காதுக்குள்ள நிக்குது."

"எடுக்க வேண்டாங்கம்மா."

அவள் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். "இருங்கோ. பாணும் கணவாய்க் கறியும் கிடக்கு. அவருக்கு இண்டைக்கு ஒண்டும் குடுக்கக் கூடாதாம். பழுதாப் போகும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பெட்டியைத் திறந்துவிட்டாள். தூளியில் கிடந்த கையையும், இன்னும் வீங்கியிருந்த மற்றக் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பாண் ரொட்டியைப் பிய்த்து, கறியில் தோய்த்து, பெட்டியின் மூடியில் என் பக்கமாக வைத்தாள். எடுத்து வாயில் போட்டேன். கடும் உறைப்பு. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை அவள் என்னவென்று எடுத்துக்கொண்டாளோ தெரியாது. தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகித் திறந்து எனக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த துண்டைப் பிய்க்கத் தொடங்கினாள்.